என் நெஞ்சுக்கு முன்கூட்டியே தெரியும்

ஊரில் யாராவது இறக்கப்போகிறார் என்றால் அது என் நெஞ்சுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்று நான் நம்பியிருந்தேன். ஒரு மாரிக்காலத்தில் தொடங்கிய நம்பிக்கை அடுத்த மாரி வரை அசையவில்லை. சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம். நானும் பிறகு சிரித்தேன். ஆனால் அந்த நாட்களில் சிரிப்பதற்கு வேண்டிய மூச்சு என்னிடம் மிச்சம் இருக்கவில்லை.

நான் மெத்தையும் தலகணியும் விற்கிறவன். காத்தான்குடியில், பிரதான வீதியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் என் கடை. இலவம் பஞ்சு அடைத்துத் தலகணி தைப்பேன். பழைய மெத்தையைப் பிரித்து வெயிலில் உலரவைத்து மறுபடி தைத்துக் கொடுப்பேன். ஊருக்கெல்லாம் நித்திரை விற்கிற நான், அந்த ஒரு வருடம் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

கடையின் முகட்டுக்கு மேலே, ஓர் இரும்புக் கம்பத்தில், பள்ளிவாசலின் ஒலிபெருக்கிக் குழல் ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முதலில் அந்தக் குழல்தான் சொல்லும். ஜனாசா அறிவித்தல் என்போம். இன்ன ஒழுங்கையில் இருந்தவர், இன்னாரின் வாப்பா, இன்னாரின் மாமனார், நல்லடக்கம் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு. தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரமல்லாத ஒரு நேரத்தில் ஒலிவாங்கியைத் தட்டும் சத்தம் குழலில் கேட்டால் ஒழுங்கை முழுவதும் நின்றுவிடும். இறைச்சிக்கடைக்காரரின் கத்தி பாதியில் நிற்கும். தேத்தண்ணி ஆற்றுகிறவர் கோப்பையை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார். பெயரைக் கேட்ட பிறகுதான் கத்தியும் கோப்பையும் கீழே இறங்கும்.

முதல் தடவை அது வந்தபோது நான் ஒரு தலகணியின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சுக்குள் கோழியொன்று புகுந்து செட்டையடித்தது போல இருந்தது. விரல் நுனிகள் மரத்தன. கழுத்தடியில் வியர்வை குளிர்ந்தது. முடிந்துவிட்டது, இவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் என் மூளைக்கு வந்த அடுத்த யோசனை, இந்தத் தலகணியை மிச்சம் யார் தைப்பார்கள் என்பதுதான். சாகும் நேரத்தில் சொல்ல வேண்டிய கலிமாவைச் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முந்திக்கொண்டு மேலே குழல் “டொக், டொக்” என்றது. யாரோ ஒரு முதியவரின் ஜனாசா அறிவித்தல். அறிவித்தல் முடிய, என் நெஞ்சும் மெதுவாக அடங்கியது. எனக்கென்று வந்தது வாசலில் விலாசத்தைச் சரிபார்த்துவிட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டது போல.

அடுத்த முறையும் அப்படியே. முதலில் நெஞ்சு, பிறகு குழல். அதற்கடுத்த முறையும். நான் குழலை முந்திக்கொண்டேயிருந்தேன். இதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

பயம் தாங்காமல் என் மச்சானிடம் சொன்னேன். மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். துணிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு, அஸர் தொழுததும் என் கடைக்கு வந்து மெத்தைக் கட்டொன்றில் சாய்ந்துகொள்வார். என் பகிடிகளுக்கு ஊரிலேயே முதலாவதாகச் சிரிக்கிறவரும், அவற்றை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவரும் அவர்தான்.

“மச்சான், ஒருத்தருக்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“என்னடா, நான் சொல்லுவனா?”

அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்பே ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு தேத்தண்ணிக் கடைக்குப் போனால், இளையவர்கள் அண்ணன் முறையில், “காக்கா, இன்டைக்கு நெஞ்சு எப்பிடி? சாரன் ஒண்டு வாங்கப் போறன், உடுக்கக் கிடைக்குமா?” என்று கேட்பார்கள்.

“வாங்கு மனே. வெள்ளையா வாங்கு, ரெண்டுக்கும் ஆகும்” என்பேன். கடையே சிரிக்கும். நான் திரும்பி வந்து, மெத்தைக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, நாடியைப் பிடித்துப் பார்ப்பேன். நாடி பிடிக்கப் பிடிக்க அது வேகமாக ஓடும். என் விரலுக்குப் பயந்து ஓடுகிறதோ என்றுகூட நினைத்தேன்.

என்னைப் படிப்பித்த வாத்தியார் ஒருவர் படுக்கையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மகள் படலையைப் பாதி திறந்தபடி நின்றார். உள்ளேயிருந்து வாத்தியாரின் குரல் கேட்டது.

“ஆரு மகள் வந்திரிக்கிற?”

“தலகணிக் காக்கா, வாப்பா.”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, தெளிவான, உறுதியான குரலில்: “நான் நித்திரை எண்டு சொல்லு.”

தோடம்பழத்தைப் படலையில் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தபோது என் மனைவி சிரிக்கவில்லை. “இஞ்ச பாருங்க, தௌபா செய்ங்க, பாவமன்னிப்புக் கேளுங்க. மறைவானது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஒங்கட நெஞ்சுக்கு வந்து சொல்றானாக்கும்?” என்றார். அதோடு அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. நெஞ்சு இடித்தால் யாரோ மௌத்து. அதை நம்பினால் நான் பாவி. நம்பாமல் இருக்கவோ நெஞ்சு விடுவதாயில்லை.

மனைவிதான் மட்டக்களப்பில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். இளம் பெண். ஈசிஜி எடுத்த தாளைப் பார்த்துவிட்டு, “உங்கட இதயம் நல்லா வேலை செய்யுது” என்றார்.

“நல்லாத்தான் செய்யுது டொக்டர். ஓவர்டைமும் செய்யுது.”

அவர் சிரித்தார். ஆனால் விடவில்லை. “இது பதட்டம். ஏதோ ஆபத்து வந்திட்டுது எண்டு உடம்பு ஓடுறதுக்கு ஆயத்தமாகுது. நீங்க ஓடாம நிக்கிறீங்க. அதால நெஞ்சு அடிக்குது, கை விறைக்குது. அது உங்களக் கொல்லாது. விட்டா தானா இறங்கும்.”

“இறங்குறதுக்கு முதல் நான் இறங்கிட்டா?”

“இறங்க மாட்டீங்க. வரக்குள்ள நாடி பிடிச்சுப் பார்க்காதீங்க. இருந்த இடத்த விட்டு ஓடாதீங்க. செய்துகொண்டிருந்த வேலையச் செய்யுங்க. மூச்ச உள்ளுக்கு எடுக்கிறதவிட வெளிய விடுறத நீளமா விடுங்க.” பிறகு கேட்டார்: “வாறதுக்குக் கொஞ்சம் முதல் என்ன கேக்குது, என்ன தெரியுது?”

“ஒண்டுமில்ல. சும்மா வரும்.”

“சும்மா வராது. கவனிச்சுப் பாருங்க. தொடங்கினதுக்கு முதல் வீட்டில ஏதும் நடந்ததா?”

“கலியாணம் நடந்திச்சி. ஆனா அது நடந்து கன காலம்” என்றேன். மனைவி என் முழங்கையில் கிள்ளினார்.

திரும்பி வரும்போது பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியது. கீழே வாவி உச்சி வெயிலில் அசையாமல் கிடந்தது. டொக்டரிடம் சொல்லாததை அங்கே நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. ஆண்பிள்ளை மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். அதனால் உம்மா ராத்தாவோடுதான் இருந்தார். உம்மா இறந்த பகலில் மச்சான் எனக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுத்திருக்கிறார். போன் பஞ்சு மூட்டைக்குள் புதைந்து கிடந்தது. அவர் அனுப்பிய ஆள் என்னிடம் வந்து சேருவதற்குள் குழல் சொல்லிவிட்டது. இன்னாரின் தாயார் என்று என் பெயரை அந்தக் குழலில் கேட்டேன். அப்போது கையில் ஊசி இருந்தது. அந்த ஊசியை எங்கே வைத்தேன் என்று இன்று வரை தெரியாது. யாருடைய தலகணிக்குள்ளோ இருக்கலாம். அன்றிலிருந்து என் போன் சட்டைப் பையை விட்டு இறங்குவதில்லை.

இதை டொக்டரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அது பகிடியாக்க முடியாத கதை. அப்படிப்பட்ட கதைகளைச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை.

அடுத்த மாரி வருவதற்குச் சற்று முன்னர் மச்சானுக்குத்தான் உண்மையாகவே நெஞ்சில் வருத்தம் என்று தெரியவந்தது. பள்ளிவாசலின் படியேறவே மூச்சு வாங்கியது. கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டியதில், இதயத்துக்குப் போகும் குழாய்கள் அடைத்திருக்கின்றன, பைபாஸ் ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்றார்கள். திகதியும் கொடுத்தார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றும், அதுவரை இதயம் பொறுக்கும் என்று உறுதி தர முடியாது என்றும் சொன்னார்கள்.

அந்தச் செய்தியைக் கேட்ட பகலில் என் நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. நிற்கவேயில்லை. சோறு தின்னும்போது இடித்தது. தொழுகையில் இடித்தது. குழல் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக நெஞ்சு இடித்தால் பின்னால் ஒரு பெயர் வரும். இந்த முறை பெயர் வரவில்லை. அப்படியானால் அந்தப் பெயர் இனித்தான் வரவிருக்கிறது என்று கணக்குப் போட்டேன். அது யாருடைய பெயர் என்பதற்குப் பெரிய கணக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

நான் மச்சானைத் தவிர்க்கத் தொடங்கினேன். அஸர் நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு வாவிக்கரைக்குப் போய், இறால் வலை உதறுகிறவர்களோடு தேவையில்லாத கதை பேசிக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் அவர் ஒப்பரேசனுக்குப் போகமாட்டார், போகாவிட்டால் நிச்சயம் இறந்துவிடுவார். சொல்லாமல் விட்டால் போவார். போய் அந்த மேசையிலேயே இறந்துவிடுவார். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் ராத்தா விதவை.

புறப்படுவதற்கு முதல் நாள் ராத்தா போன் எடுத்தார்.

“தம்பி, இவரு போகமாட்டாராம்டா. உடுப்பெல்லாம் அடுக்கி வெச்சிரிக்கன், வேனும் சொல்லியாச்சி. ‘அவன்ட நெஞ்சு என்ன சொல்லுதெண்டு கேட்டுட்டுத்தான் ஏறுவன்’ எண்டு நிக்கிறாரு. இப்ப அஸர் தொழுதுட்டு உன்ட கடைக்குத்தான் வாறாரு. ஒரு நல்ல வார்த்தை சொல்லு தம்பி. பொய் எண்டாலும் சொல்லு.”

ஓடுவதற்கு நேரமிருந்தது. சாவியைக் கையில் எடுத்தும்விட்டேன். அதற்குள் மச்சான் ஒழுங்கை முனையில் தெரிந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு, இடையிடையே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். அந்த மனிதருக்கு முன்னால் கடையைப் பூட்ட எனக்கு மனம் வரவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்து ஒன்றும் இல்லாத துணியொன்றை வேகமாகத் தைத்தேன்.

“அந்த மெஷின நிப்பாட்டு.”

நிறுத்தினேன். பஞ்சு பறக்கும் என்பதால் என் கடையில் மின்விசிறி போடுவதில்லை. ஆகவே மெஷின் நின்றதும் கடை அப்படியே அமைதியாகிவிட்டது.

“என்ட முகத்தப் பாரு.”

“பாக்கிறன் மச்சான். வடிவா இல்ல.”

“பகிடி வேணாம். ஒன்ட நெஞ்சு எனக்கு இடிச்சிதா?”

தயார்செய்து வைத்திருந்த பொய் வாயில் வரவில்லை. அவர் காத்திருக்கவில்லை. மெத்தைக் கட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, உள்ளங்கையை விரித்து என் நெஞ்சில் வைத்துவிட்டார். உள்ளே நடப்பதெல்லாம் அவருடைய கைக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய முகம் வெளுத்தது.

“இடிக்குது.”

“ஓம் மச்சான்.”

“எனக்கா?”

“தெரியா மச்சான். ஒங்களுக்கு ஒப்பரேசன் எண்டு கேட்ட நாள் தொட்டு இடிக்குது. பயத்தில இடிக்குது. ஒங்களுக்கு ஒண்டு நடந்தா ராத்தாக்கு நான் என்ன சொல்ற? எனக்கு ஆர் இரிக்கா? உம்மாட மௌத்துக்கும் நீங்கதானே மச்சான் என்னக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிண்ட?”

இதைப் பகிடியில்லாமல் சொன்னேன். வேறு மாதிரிச் சொல்ல அப்போது எதுவும் கிடைக்கவில்லை. அவர் கையை எடுக்கவில்லை. சொல்லி முடித்ததும் நெஞ்சு ஓர் அளவுக்குத் தணிந்தது. அதுவும் அவருடைய கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினார்.

பிறகு, ஒரு காரணமும் இல்லாமல், நெஞ்சு பாய்ந்தது. பழைய கோழி, பழைய செட்டை. விரல்கள் மரத்தன. அவருடைய உள்ளங்கை திடுக்கிட்டது.

“என்னடா இது? இப்ப ஏன் கூடின?”

“தெரியா. வந்திட்டு மச்சான். சும்மா வந்திட்டு.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. முகட்டைப் பார்த்தார்.

“மேல என்னடா இரையுது?”

“என்ன?”

“ஒன்ட முகட்டுக்கு மேல. வண்டு மாதிரி. கேக்கல்லியா?”

கேட்டது. ஓர் அடங்கிய, நீளமான இரைச்சல். அது என்னவென்று நான் யோசித்து முடிப்பதற்குள் குழல் “டொக், டொக்” என்றது. நாங்கள் இருவரும் அப்படியே உறைந்துபோனோம். அவருடைய கை என் நெஞ்சில். என் கை அவருடைய மணிக்கட்டில். ஒழுங்கையில் இறைச்சிக்கடைக் கத்தி நின்றது. பாங்கு சொல்லும் மோதினார் செருமினார். சலாம் சொன்னார். தாளை விரிக்கும் சத்தம் கேட்டது.

“ஓர் அறிவித்தல். கறுப்பு நிறமும், நெற்றியில் வெள்ளைச் சுட்டியும், அறுந்த இடது காதும் உடைய ஆட்டுக் கடா ஒன்று நேற்றுப் பின்னேரம் முதல் காணாமல் போயுள்ளது. கண்டவர்கள் பள்ளிவாசலில் அறியத் தரவும்.”

மச்சான் என்னைப் பார்த்தார். என் நெஞ்சு அவருடைய கைக்குக் கீழே இன்னும் முழு மரியாதையோடு இடித்துக்கொண்டிருந்தது.

“கடாவுக்கும் இடிக்குதுடா!” என்றார். “மையித்துக்கும் கடாவுக்கும் வித்தியாசம் தெரியாடா ஒன்ட நெஞ்சுக்கு!” சிரிக்கத் தொடங்கியவர், சிரிக்க முடியாமல் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “பகிடி விடாத, பகிடி விடாத, செத்திருவன்” என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். நான் ஒன்றுமே சொல்லவில்லை.

அந்த இரைச்சல்தான். மோதினார் ஒலிபெருக்கியின் சுவிட்சைப் போட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடி, தாளை ஒரு முறை மனதுக்குள் வாசித்துப் பார்ப்பார். அதுவரை குழல் வெறுமனே இரையும். ஒழுங்கையில் யாருக்கும் அது கேட்காது. அதற்குச் சரியாகக் கீழே இருக்கிற எனக்கு மட்டும் கேட்கும். உம்மாவின் பெயரைச் சொல்வதற்கு முன்னும் அது இரைந்திருக்கும். என் காது அதைக் கவனிக்கவில்லை. நெஞ்சு கவனித்து வைத்திருந்தது. பாங்குக்கு முன்னும் அது இரையும்தான். ஆனால் பாங்கு நேரம் தெரிந்த நேரம், அதற்கு நெஞ்சு எழும்புவதில்லை. நீர்வெட்டு அறிவித்தலுக்கும், காணாமல் போன பிள்ளைக்கும், கண்டெடுத்த சாவிக் கோர்வைக்கும் அது இடித்தே இருந்தது. அவற்றையெல்லாம் நான் கணக்கில் சேர்க்காமல், மௌத்தை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்திருந்தேன்.

மச்சான் எழுந்தார். வாசலில் நின்று, சிரிப்பெல்லாம் அடங்கிய முகத்தோடு திரும்பினார்.

“அப்ப ஒன்ட நெஞ்சுக்கு ஒண்டும் தெரியா.”

“ஒண்டுமே தெரியா மச்சான்.”

“தெரிஞ்சிருந்தா நல்லமெண்டு நினைச்சன்டா. எனக்குப் பயமா இரிக்கி.”

“எனக்கும்.”

“ஓம், கைக்கு விளங்கிச்சி” என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அடுத்த நாள் காலையில் வேனில் ஏறினார்.

விளங்கிவிட்டால் பயம் போய்விடும் என்று நினைப்பது நான் நம்பிய இரண்டாவது மடத்தனம். அது போகவில்லை. ஒப்பரேசன் நாளன்று விடியற்காலை சுபஹுக்கே எழுந்துவிட்டது. அது ஒரு செய்தியும் கொண்டு வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சட்டைக்குள் ஒரு மிருகத்தை வைத்துக்கொண்டு நடக்கிறவன் போலத்தான் நடந்தேன். வீட்டில் இருக்க முடியாமல் கடையைத் திறந்தேன். மனைவி, “நாடி பாக்கக் கூடாது” என்று சொல்லியனுப்பியிருந்தார். கை சும்மா இருந்தால் நாடிக்குப் போகும். ஆகவே இரண்டு கைக்கும் வேலை கொடுத்துத் தலகணி தைத்தேன்.

மத்தியான லுஹருக்கும் அஸருக்கும் இடையில் மேலே இரையத் தொடங்கியது.

இந்த முறை எனக்குக் கேட்டது. “வண்டு” என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதால் நெஞ்சு நிற்கவில்லை, பாய்ந்தது. பள்ளிவாசலுக்கு முதலில் சொல்லிவிட்டு எனக்குப் பிறகு சொல்ல இருக்கிறார்களா? போன் பைக்குள் பேசாமல் கிடந்தது. உம்மாவுடைய நாளிலும் அது பேசவில்லைதானே? கால்கள் வாவிக்கரைக்கு ஓடச் சொன்னன. பாதங்களைச் சீமெந்துத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டேன். மூச்சை எடுத்தேன். எடுத்ததைவிட நீளமாக விட்டேன். பாதியில் அறுந்தது. மறுபடி விட்டேன். ஊசியைத் துணியில் ஏற்றினேன். தையல் கோணியது. கோணலாகவே தைத்தேன்.

“டொக், டொக்.”

ஜனாசா அறிவித்தல் என்றார் மோதினார். அதற்கும் பெயருக்கும் இடையில் நான் இன்னொரு மூச்சு விட்டேன். ஆற்றங்கரை ஒழுங்கையில் இருந்த, எனக்கு முகம் தெரியாத ஒரு மூதாட்டி. அவருக்காக இன்னாலில்லாஹி சொன்னேன். ஒழுங்கையில் கத்தி இறங்கியது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். அந்தத் தலகணியை இன்னும் விற்கவில்லை. வாய் கோணிய தலகணியை யார் வாங்குவார்கள்?

அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும்போது மச்சானின் மகன் கொழும்பிலிருந்து போன் எடுத்தான். ஒப்பரேசன் முடிந்துவிட்டது. அன்று காலையிலிருந்து அந்த நேரம் வரை என் நெஞ்சு இடித்துக்கொண்டே இருந்தது. மச்சான் பிழைத்துக்கொண்டார்.